தேவகி கழற்றி வைத்தது

தேவகி ஒரு பயந்தாங்கொள்ளி. அவள் முகத்துக்கு நேரேயே இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போது எழுதுவதில் குற்றமில்லை. கிணற்றடிக்குப் போனால் தவளை பயம். இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். சாப்பாட்டு மணி அடித்து இரண்டு நிமிஷம் தாமதமானால் மெஸ்ஸில் என்ன சொல்வார்களோ என்று பயம். அவள் பயப்படாத ஒரே பொருள் கணக்கு. எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்குகிற கால்குலஸை அவள் முறுக்குக் கடித்துக்கொண்டே போட்டுத் தள்ளுவாள்.

நானும் அவளும் மூன்று வருஷம் ஒரே அறை. அவள் தாமலில் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது அவள்தான் முதல். நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரி. அப்பாவுக்குக் கடலூருக்கு மாற்றலாகி, நடுவில் படிப்பை விடவேண்டாமென்று என்னை விடுதியில் சேர்த்துவிட்டுப் போனார். பெருமாள் கோயில் மணி கேட்டு வளர்ந்த பெண்ணை மிஷன் ஹாஸ்டலில் விட்டதற்காக என் அத்தைமார்கள் அப்பாவோடு ஆறு மாசம் பேசவில்லை.

கல்லூரி ஓரிக்கைக்குப் போகிற சாலையில் இருந்தது. மொத்தமே முந்நூறு பேர்தான். பெண்கள் விடுதியில் நாற்பத்திரண்டு பேர் இருந்தோம். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நெசவாளர் தெரு, காலை ஏழு மணிக்குத் தறிச் சத்தம் ஆரம்பித்துவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் மிஸ் ஞானாதிக்கம். திருநெல்வேலிக்காரர், நாற்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் வார்டன் அவர்தான். பரீட்சை நடக்கிற நாட்களில் ஹாலில் மேற்பார்வையும் அவர்தான். வெள்ளைப் புடவையும் கான்வாஸ் செருப்புமாக அவர் வருவது காதில் விழாது, திரும்பினால் பக்கத்தில் நிற்பார்.

விடுதியில் சேரும்போது இருபத்திரண்டு விதிகள் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவார்கள். ஏழாவது விதி, மணமான மாணவிகளுக்கு விடுதியில் இடமில்லை என்பது. படித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம். பதினேழு வயதில் அது எங்களுக்குச் சம்பந்தமில்லாத விதி.

கடைசி வருஷம், அதாவது அறுபத்தொன்பதில், பொங்கல் லீவுக்குப் போன தேவகி எட்டு நாள் கழித்துத்தான் திரும்பினாள். காய்ச்சல் என்றாள். அன்று சாயங்காலம் அவள் துணி மடிக்கும்போது ஒரு வெள்ளை ரவிக்கையின் கழுத்தில் மஞ்சள் கறை கோடாக இருப்பதைப் பார்த்தேன். இதென்ன என்று கேட்டேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா செத்தாரில்ல, வருசத்துக்குள்ள வீட்ல ஒரு கல்யாணம் நடந்தே ஆவணும்னாங்க. இல்லன்னா மூணு வருசம் கூடாதாம். அத்தை வந்து பேசினாங்க, ரெண்டே நாள்ல முடிச்சிட்டாங்க."

"யாரு மாப்பிள்ளை?"

"அத்தை புள்ளைதான். பரசுராமன்னு பேரு. நல்லவருதான்," என்றாள். அதையும் பயந்துகொண்டேதான் சொன்னாள்.

அத்தை போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. ஹாஸ்டலில் இருக்கிறவரைக்கும் படிக்கட்டும், ஹாஸ்டல் விட்டால் நேரே எங்கள் வீடு, தினம் பஸ்ஸில் போவதும் வருவதும் என்ற பேச்சே கூடாது என்று சொல்லியிருந்தார். ஏழாவது விதியைப் பற்றி அத்தைக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார். ஏப்ரலில் பரீட்சை. இன்னும் மூன்று மாசத்தை ஓட்டிவிட்டால் தேவகி பி.எஸ்ஸி. அதற்குள் யார் கண்ணிலாவது பட்டால் மூன்று வருஷப் படிப்பும் போச்சு.

மெட்டியை அவள் பஸ்ஸிலேயே கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். மெட்டி இல்லாவிட்டால் பெரிய பாவமில்லை என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தாலிக்கு அந்தச் சலுகை கிடையாது. மஞ்சள் கயிறும் அதில் கோத்த தங்கப் பொட்டும் ராப்பகலாக ரவிக்கைக்குள் கிடந்தன. ரவிக்கைகளை டோபிக்குப் போடாமல் தானே துவைத்தாள். எல்லாரும் குளித்து முடித்த பிறகு கடைசியாகக் குளிக்கப் போவாள். நான் கதவுக்கு வெளியே காவல் நிற்பேன். வெயில் காலத்தில்கூட முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துவாள். பார்க்கிறவர்கள் இவளுக்கு என்ன அடக்கம் என்று மெச்சினார்கள்.

மார்ச் மாசம் முதல் புதன்கிழமை. காலைச் சாப்பாட்டின்போது மிஸ் ஞானாதிக்கம் எழுந்து நின்று, பத்து மணிக்கு லேடி டாக்டர் வருகிறார், எல்லாருக்கும் மெடிக்கல் என்றார். கூடவே இன்னொன்று. மூட்டைப்பூச்சி அதிகமாகிவிட்டதால் எல்லாரும் படுக்கை, பெட்டி சகலத்தையும் வெளியே வெயிலில் கொண்டுவந்து திறந்து வைக்கவேண்டும், மருந்து அடிப்பார்கள்.

மெடிக்கல் என்றால் என்னவென்று போன வருஷமே பார்த்திருந்தோம். ரவிக்கை ஊக்குகளைக் கழற்றி நிற்கவேண்டும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார். பக்கத்தில் நின்று எடையும் மார்பளவும் ரிஜிஸ்டரில் எழுதுவது மிஸ் ஞானாதிக்கம். தேவகியின் இட்லி தட்டிலேயே கிடந்தது.

அறைக்கு வந்ததும், "கழட்டிப் பெட்டியில போடு," என்றேன்.

"பெட்டிய வெளிய தொறந்து வெக்கணும்னாங்களே."

"அப்ப என் பாடியில முடிஞ்சுக்கறேன்."

"உன்னையும்தான பாப்பாங்க."

அதுவும் சரிதான். கையில் வைத்துக்கொள்ள முடியாது, மரத்தில் மாட்டினால் காக்கை கொண்டுபோகும். அதற்கெல்லாம் மேலே தேவகிக்கு ஒரு பயம். தாலியைக் கழற்றினால் புருஷன் உயிருக்கு ஆபத்து. கழற்றியே ஆகவேண்டுமென்றால் சாமி படத்திலாவது மாட்டிவைக்கவேண்டும், அனாதையாகப் போடக்கூடாது. அவள் ஊரில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போன பெண்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் அறையிலோ சாமி படம் கிடையாது. சுவரில் படம் மாட்டக்கூடாது என்பது பதினோராவது விதி.

"இங்க ஒரே ஒரு சாமிதான் இருக்குது," என்றாள் தேவகி.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. தப்பு என்றும் தெரிந்தது. ஆனால் மணி ஒன்பதே முக்கால், எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. இரண்டு பேரும் சேப்பலுக்கு ஓடினோம். நான் கதவருகே நின்றேன். உள்ளே வெள்ளைத் துணி விரித்த மேஜை, இரண்டு பித்தளை ஜாடிகளில் பூ, நடுவில் ஒரு முழ உயரத்தில் மரச் சிலுவை. தேவகி முடிச்சை அவிழ்க்கவில்லை, தலை வழியாக எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு சிலுவையின் உச்சி வழியாகப் போட்டாள். அது சிலுவையின் கைகளில் தங்கி, கழுத்தில் கட்டினது மாதிரியே நின்றது. ஜாடிகளை நெருக்கி வைத்து மறைத்தாள்.

"சாமி, ஒரே ஒரு மணி நேரம் பாத்துக்கோ. மாமாக்கு ஒண்ணும் ஆவக்கூடாது," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

டாக்டர் பத்துக்கு வரவில்லை, பதினொன்றுக்கு வந்தார். எங்கள் முறை வரும்போது பன்னிரண்டரை. தேவகியின் நெஞ்சில் குழாயை வைத்த டாக்டர், "ஏம்மா இப்படி அடிச்சுக்குது?" என்று கேட்டார். அவள் வெளியே வந்து ஊக்குகளை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அசெம்பிளி மணி அடித்தது. அகாலத்தில் அந்த மணி அடித்து நாங்கள் கேட்டதில்லை.

சேப்பலில் பூ மாற்றுகிற முறை அன்று இரண்டு முதல் வருஷப் பெண்களுடையது. ஜாடியை நகர்த்தியதும் பார்த்துவிட்டார்கள். மிஸ் ஞானாதிக்கம் கைக்குட்டையில் எதையோ ஏந்தியபடி எங்கள் முன்னால் நின்றார். விரித்துக் காட்டினார். என் பக்கத்தில் நின்றிருந்த தேவகியின் கை என் கையைப் பிடித்தது, ஜில்லென்று இருந்தது.

"இது யாரோ கல்யாணமான பொண்ணோடது. இதைக் கொண்டு சிலுவையில மாட்டினது யாருன்னு எனக்குத் தெரியணும். ஒவ்வொருத்தர் கழுத்தா நான் பார்க்கப் போறதில்ல. தானா வந்து சொல்லணும். திங்கட்கிழமை பிரின்சிபால் கிட்ட போகும்," என்றார். குரல் உயரவில்லை. அவர் கத்தியிருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்று முழுக்க விடுதியில் வேறு பேச்சில்லை. கிறிஸ்தவப் பெண்கள், யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். எங்கள் பெண்கள், யாரோ ரகசியமாக வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகித் தாலியைக் காணிக்கை போட்டுவிட்டாள் என்றார்கள். இரண்டு கட்சியும் சேப்பல் பக்கம் போகப் பயந்தன. நானும் கூட உட்கார்ந்து, ஆமாம், யாராயிருக்கும், என்று தலையாட்டினேன்.

தேவகி அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைப் பிரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் அடிக்கடி நெஞ்சுக்குப் போய், ஒன்றும் தட்டுப்படாமல் திரும்பி வந்தது. வியாழக்கிழமை தலை பின்னிக்கொள்ளவில்லை. பூ கொடுத்தேன், வேண்டாமென்றாள்.

"போய்ச் சொல்லிடு," என்றேன்.

"சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அவரு..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வார்த்தையை வாயால் சொல்லவே பயம். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள். அந்த நாலு நாளும் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தந்திச் சேவகனோ என்று ஜன்னலுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் தந்திச் சேவகன் வந்தான். நாங்கள் மெஸ் ஜன்னலிலிருந்து பார்த்தோம். அவன் வாசற்படியில் நின்று மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்கினான். மிஸ் உறையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி நடந்து வந்தார். தேவகி எழுந்து நின்றாள். மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். மிஸ் எங்களைத் தாண்டிப் போய் வேலூர்ப் பெண் ஒருத்தியிடம் தந்தியைக் கொடுத்தார். அவள் அண்ணனுக்கு ஆண் குழந்தையாம். எல்லாரும் மிட்டாய் கேட்டார்கள். தேவகி பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். மூன்று மணிக்குத் தேவகியின் அப்பா அர்ஜுனன் வந்தார். வழக்கமாகக் கையில் பலகாரப் பை இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு, சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். வராந்தாவில் நானும் இருந்தேன்.

"பரசுராமனுக்கு ஜொரம்மா. நாலஞ்சு நாளா அனலா கொதிக்குது. டைபாய்டுன்றாங்க. கண்ணே தொறக்க மாட்டேன்றான். ரெண்டு நாள் லீவு கேட்டுக்கினு வந்துடு."

தேவகி எந்த நாள் ஆரம்பித்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று எதுவும் கேட்கவில்லை. அப்பாவை அப்படியே நிற்கவைத்துவிட்டு மிஸ் ஞானாதிக்கத்தின் அறைக்கு நடந்தாள். தவளைக்குப் பயப்படுகிற அந்தப் பெண் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ், அது என்னுது. குடுத்துடுங்க. அவருக்கு ஒடம்பு சரியில்ல."

மிஸ் ஞானாதிக்கம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார். "எப்ப கல்யாணம் ஆச்சு?"

"தை மாசம்."

"சிலுவையில ஏன் மாட்டின?"

"சும்மா போடக்கூடாதுங்க மிஸ். சாமிகிட்டத்தான் வெக்கணும். இங்க வேற சாமி இல்லியே."

மிஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு டிராயரைத் திறந்து கைக்குட்டையை எடுத்தார். அதைத் தொடாமல், துணியோடுதான் நீட்டினார்.

"நாலு நாளா இதை வெச்சுக்கிட்டு நான் தூங்கலம்மா. யார் புருஷனோ, என்னவோன்னு. பைபிளைத் திறந்தாலும் மனசு இந்த டிராயர்லதான் நிக்கி," என்றார். அவர் சொன்னதும் எனக்கு ஏனோ அழுகை வந்தது. எங்களைப் போலவே அந்த அம்மாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

தேவகி கையில் வாங்கிக்கொண்டாள், ஆனால் தானே போட்டுக்கொள்ளவில்லை. சுமங்கலி யாராவது போட்டுவிடவேண்டும் என்றாள். மிஸ் சமையல்கட்டிலிருந்து ஜெயம்மாளைக் கூப்பிட்டார். ஜெயம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் தேவகியின் தலை வழியாகத் தாலியைப் போட்டுவிட்டு, "நல்லா இரும்மா," என்று சொல்லிப் போய்விட்டாள். மிஸ் அந்த நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

திரும்பியதும் கடிதத் தாளை எடுத்தார். "நான் எழுதித்தான் ஆகணும், தேவகி. இன்னிக்கோட உனக்கு ஹாஸ்டல்ல இடமில்ல. காலேஜுக்கு வர்றதை நான் தடுக்க முடியாது. பரீட்சை எழுதலாம், வீட்டிலிருந்து வந்தா. கூட யாராவது துணைக்குப் போனாங்களா சேப்பலுக்கு?"

"இல்லீங்க மிஸ். நான் மட்டும்தான்."

நான் வாசலில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கடலூரிலிருந்து அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது கண் முன்னால் வந்தது, அவ்வளவுதான் என் தைரியம். தேவகி பெட்டியோடு போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

மீதியை அவள் பின்னால் சொல்லித்தான் தெரியும்.

அத்தை வீடும் தாமலிலேயேதான். பரசுராமன் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். மருந்து உள்ளே போய், அன்று மாலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவளுக்கு ஒளிக்க முடியவில்லை. ஒளித்து வைத்து வைத்துப் போதும் போதுமென்றாகிவிட்டது என்றாள் என்னிடம். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏழாவது விதியிலிருந்து கைக்குட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நடுவில் அத்தை கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டதை அவள் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

பரசுராமன் மெதுவாகத்தான் பேசினான். "எப்ப கழட்டின?"

"புதன்கிழம காலையில."

"எனக்குத் திங்கக்கிழமையே ஜொரம் வந்துட்ச்சி," என்றான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அவன் விடவில்லை. "கழட்டினா எனக்கு எதுனா ஆயிடும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நெனச்சுக்கினேதான் கழட்டின?"

இதற்கு அவள் தயாராக இருக்கவில்லை. நாலு நாளாக எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைத்திருந்தாள், அத்தை கேட்பது, மிஸ் கேட்பது, பிரின்சிபால் கேட்பது. இந்தக் கேள்வியை அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வேறு வழியில்லை, கட்டாயப்படுத்தினார்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா," என்றாள். "படிச்சி முடிக்கணும்னு இருந்திச்சி."

பரசுராமன் வாசற்படிப் பக்கம் திரும்பிப் படுத்தான். அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"என் உசுர வெச்சிப் படிக்கிறா, எம்மா. பாஸ் பண்ணாம உட்டா எனக்குத்தான் நஷ்டம். தெனம் பஸ்ஸுல போயிட்டு வரட்டும்."

அத்தை ஒரு வாரம் தேவகியோடு பேசவில்லையாம். ஆனால் காலை ஆறரை பஸ்ஸுக்குச் சோற்று மூட்டை மட்டும் தயாராக இருந்ததாம்.

ஏப்ரல் மாசம் முதல் பரீட்சை, கணக்கு முதல் தாள். நான் ஹால் வாசலில் நின்றிருந்தேன். தேவகி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், மஞ்சள் கயிறு புடவைக்கு வெளியே தெரிந்தது. காலில் மெட்டி. உள்ளே மேற்பார்வைக்கு மிஸ் ஞானாதிக்கம் உலாத்திக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொல்லவேண்டுமென்று ஒரு மாசமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்தேன். அன்று அசெம்பிளியில் இருந்ததைவிட ஜில்லென்று இருந்தது.

"இன்னாடி இது? கணக்குக்குப் போயி உனக்கு பயமா?" என்றேன், அவள் பாஷையிலேயே.

"முன்ன பயமில்ல," என்றாள். உதடு வறண்டிருந்தது. "இப்ப பெயிலாயிட்டா, வீணா அவரு உசுர பந்தயம் வெச்சி ஆடினதா ஆயிடும் இல்ல?"

மணி அடித்தது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள்.